அரிசிக் கோலத்திலிருந்து ஃபிராக்டல் ஓவியத்துக்கு

பினாங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஃபிராக்டல் என்பது எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே நுண்வடிவங்கள் வந்துகொண்டே இருக்கும் கணித வடிவம். அதைக் கணினியில் வரைந்து நிறம் கொடுக்கும் ஃபிராக்டல் ஓவியத்துக்குள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில் விந்தையாகத் தோன்றலாம்: அரிசிக் கோலம் வழியாக வந்தேன். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த காலத்தில், தீபாவளிக்கு முந்திய வாரம் நுழைவாயிலில் கோலம் போடும் பொறுப்பு ஆண்டுதோறும் எங்கள் நால்வரிடம் வரும். தமிழ்நாட்டு உறவினர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது. இங்கே பேரங்காடிகளிலும் அலுவலகங்களிலும் சாயமேற்றி உலர்த்திய அரிசியை, வரைந்த கோட்டுக்குள் பரப்பித்தான் கோலம் போடுகிறோம். மயிலின் கழுத்துக்கு மட்டும் ஐந்து நீலம் கலந்து வைத்திருப்போம்.

அப்படித் தரையில் குந்தியிருந்த ஒரு நாள், அவ்வழியே வந்த சீனப் பொறியியலாளர் ஒருவர் மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டி, "இதற்கு நீங்கள் நிறம் கொடுத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அது மாண்டல்பிராட் கணம் (ஒரு விதிக்கு உட்பட்ட புள்ளிகளின் தொகுப்பு) என்னும் ஃபிராக்டல். தளத்தில் ஒரு புள்ளியை, அதாவது ஒரு கலப்பெண்ணை (இரண்டு பகுதிகள் கொண்ட எண்ணை), எடுத்துக்கொண்டு, பூச்சியத்தில் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி அந்தப் புள்ளியைக் கூட்டி, வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விடை மையத்திலிருந்து 2 அலகுக்கு அப்பால் போய்விட்டால் இனித் திரும்பாது. எத்தனையாவது சுற்றில் போனது என்பதைக் கொண்டு அந்தப் புள்ளிக்கு நிறம் கொடுக்கிறோம். போகாமலே நிற்பவற்றைக் கருப்பாக விடுவது வழக்கம். கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் 1975-இல் ‘ஃபிராக்டல்’ என்ற சொல்லை உருவாக்கியதையும், 1980-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இக்கணத்தைக் கணினியில் வரைந்து பார்த்ததையும் பிறகுதான் படித்தேன். அன்று எனக்குப் பிடிபட்டது ஒன்றே: வடிவத்தைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும், நிறத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓராண்டு நான் செய்தவை வானவில்லைத் தட்டிக் கவிழ்த்தவை போல இருந்தன. அந்தக் கணத்தில் கடற்குதிரை வால் போன்ற சுருள்கள் நிறைந்த, புதியவர்கள் எல்லாரும் போய் நிற்கும் ‘கடற்குதிரைப் பள்ளத்தாக்கு’ என்ற பகுதியிலேயே நானும் நின்றேன். ஒரு முறை ஒரே இடத்தை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போனபோது படம் திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்தது. கணினி பழுதாகிவிட்டது என்று கொம்தார் கட்டடத்துப் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், தூசி தட்டியதற்குப் பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். கணினியில் ஒரு கோளாறும் இல்லை. வழக்கமான கணக்கீட்டில் ஓர் எண்ணுக்குப் பதினைந்து, பதினாறு இலக்கம் வரைதான் துல்லியம் உண்டு. அதற்கும் கீழே இறங்கினால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கணினிக்கு ஒரே எண்ணாகிவிடும்.

நிறத்தில் என் கையைத் திருத்தியது பழைய அரிசி வாளிகள்தான். சுற்றுகளின் எண்ணிக்கை முழு எண் என்பதால் நிறங்கள் பட்டை பட்டையாக நிற்கும். பெரும்பாலோர் அதைக் குறையாகக் கருதி, தொடர்ந்து மாறும் மதிப்பைக் கணக்கிட்டு நிறங்களை வழுவழுப்பாக இழைத்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். படம் பிளாஸ்டிக் போல இருந்தது. பட்டைகளை அப்படியே விட்டு, ஐந்து நீலத்தை ஓர் இதழுக்குள் வெளிறியதிலிருந்து இருண்டது வரை அடுக்குவது போல அடுக்கியபோதுதான், பார்த்தவர்கள் "யார் செய்தது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இது என் சொந்தக் கருத்து, மறுப்பவர்கள் உண்டு.

ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு கண்காட்சிக்காக ஏ2 அளவில் அச்சிட்டேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். விளிம்புகள் மென்மையாக வர ஒவ்வொன்றையும் ஒன்பது முறை கணக்கிடச் சொன்னதால் இரண்டு இரவு மின்விசிறியைக் கணினிப் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். அச்சில் வந்த நீலமோ துவைத்த சீருடை நிறத்தில் இருந்தது. திரையின் ஒளி காட்டும் நீலத்தை அச்சு மை காட்டாது என்பதை அச்சகத்தார் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பார்க்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

அக்கா, நான் எதிர்த்திசையில் வந்தவன். நிரல் எழுதத் தெரியும், கோலம் தெரியாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் உடன் ஆய்வாளர்களும் 1970-களிலேயே கோலங்களுக்கு இலக்கண விதிகள் எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, அவ்வழியில், புள்ளிகளைக் கோடு சுற்றி வளைத்துச் செல்லும் ஒரு கம்பிக் கோலத்தை வரைய நிரல் எழுதினேன். ஒரு விதியைத் திரும்பத் திரும்ப விரித்தால், ஒரே கோடு முறியாமல் திரை முழுவதும் சுற்றி வளர்கிறது. பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தவர், இடப்பக்க மூலையைத் தொட்டு, "இந்தப் புள்ளியைக் கம்பி சுற்றவே இல்லையே, தம்பி" என்றார். நிரலில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.