பியேரோவின் ஓவியத்தில் குழந்தை இயேசு ஏன் தரையில் கிடக்கிறார்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்):
எங்கள் பங்கு ஆலயத்தில் இவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை வரையும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மாதிரிக்காக, லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பியேரோ தெல்லா பிரான்செஸ்காவின் கிறிஸ்து பிறப்பு ஓவியத்தின் பிரதியை எடுத்துக்கொண்டேன். குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தியதாக நற்செய்தியில் லூக்கா தெளிவாக எழுதியிருக்க, இதில் குழந்தை துணி சுற்றப்படாமல் தரையில் கிடக்கிறது. படத்தைப் பார்த்த பங்குப் பெரியவர் ஒருவர், “பச்சைப் பிள்ளையை மண்ணில் போட்டுவிட்டுக் கும்பிடுகிற தாய் உண்டா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

மறுமொழி (வேலந்தாவளம்):
ஐயா, இதன் வேர் லூக்காவில் இல்லை; சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவிடம் இருக்கிறது. அவர் ஏறத்தாழ எழுபது வயதில், 1372-இல், பெத்லகேமுக்குச் சென்றபோது கண்ட காட்சியில், மரியா முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருக்கையிலேயே நொடிப்பொழுதில் குழந்தை பிறந்து தரையில் கிடந்ததாகவும், அதன் ஒளியில் மரியாவின் கணவர் சூசையப்பரின் மெழுகுவத்தி மங்கிப்போனதாகவும் பதிவாகியுள்ளது. பேறுகால வேதனையே இல்லாதவருக்குப் படுக்கை எதற்கு? பதுவை நகரச் சிற்றாலயத்தில் 1305-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் ஜோத்தோ வரைந்த மரியா, பிள்ளை பெற்ற தாயைப் போலப் படுத்தபடியே குழந்தையை நோக்கிக் கை நீட்டுகிறார். பிரிஜித்தாவின் காட்சி பரவிய பின் ஓவியர்கள் மரியாவை எழுப்பி முழங்காலில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் குடிலில் உள்ள மாதா சுரூபமும் (சிலையும்) முழங்காலில்தான் இருக்கும், பாருங்கள்.

மறுமொழி (பாலக்காடு):
மேலே சொன்னது சரியே. ஆனால் பெரியவரின் கேள்விக்குப் பியேரோவே பதில் வைத்திருக்கிறார். குழந்தை வெறும் மண்ணில் இல்லை. தரையில் விரிந்து கிடக்கும் தாயின் நீல மேலாடையின் மேல் கிடக்கிறது. மங்கிய பிரதியில் இது தெரியாமல் போயிருக்கலாம். பிரிஜித்தா சொன்ன பேரொளியையும் மெழுகுவத்தியையும் பியேரோ விட்டுவிட்டார். பகல் வெளிச்சத்தில் ஐந்து வானதூதர்கள் பாடி இசைக்கிறார்கள்; சூசையப்பரோ சேணத்தின்மேல் அமர்ந்து, உள்ளங்கால் தெரியக் கால்மேல் கால் போட்டிருக்கிறார். (எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்தது அந்த உள்ளங்கால்தான்.) பின்னணியில் பெத்லகேமைத் தேடாதீர்கள், அங்கே தெரிவது ஓவியரின் சொந்த ஊரான சான்செபோல்க்ரோவின் சாயல். ஆகவே நீங்கள் பனைமரங்களையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் தயங்காமல் வரையலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சுரூபத்தைப் பார்த்தேன், மாதா முழங்காலில்தான் இருக்கிறார். நீல மேலாடையைப் பெரிதாக்கிக் காட்டியதும் பெரியவர் சற்று இறங்கிவந்தார். ஆனால் எங்கள் பாலன் சுரூபம் தொட்டியோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது என்பதால் அதை வெளியே எடுக்க வழியில்லை. எனவே தொட்டிக்கு அடியில் நீலத் துணியை விரித்துவிட்டு, திரையில் பனைகளை வரையத் தொடங்கியிருக்கிறேன்.