கலைச்சொல்: விண்மீன் பிறக்காத பேரடைக்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

பிரிக்பீல்ட்ஸ்:
அன்பர்களே, இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கான வானியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டேன். புதிய விண்மீன்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோன பேரடைகளிலும் (கேலக்சிகளிலும்) 10,000 கெல்வின் சூட்டில் வாயு ஒளிர்கிறது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். இளம் நீல விண்மீன்கள் இல்லாத இடத்தில் அதை யார் கொடுப்பது? இதுதான் பத்தி. அந்தப் பேரடைகளை 'அமைதிப் பேரடை' என்று எழுதிப் பார்த்தேன். தியான மையத்தின் பெயர்ப்பலகை போல இருக்கிறது.

பட்டர்வொர்த்:
தம்பி, 'அவிந்த பேரடை' என்று போடுங்கள். விளக்கு அவிந்தது என்றால் அணைந்தது. பிசிராந்தையாரின் 'ஆன்றவிந்தடங்கிய' சான்றோரோ அடங்கியவர்கள். இரு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? நீராவியில் அவிப்பதும் இதே வேர்தான், வெந்தது அடங்கும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த அணுவுக்குச் சொல்கிறோமே, அந்த 'அயனி'யையும் விட்டுவைக்காதீர்கள். கிரேக்க மூலத்துக்குச் 'செல்வது' என்று பொருள். உத்தராயணத்தின் அயனமும் அதற்கு உறவு. நமக்கு 'ஏகு' இருக்கிறது. 'ஏகுமம்' என்றால் என்ன குறை?

செந்தூல்:
ஐயா, என் நான்காம் படிவ மாணவிகளுக்கு அவிந்தது என்றால் இட்லி. 'ஏகுமம்' தேர்வுத்தாளில் வந்தால் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். 'ஓய்ந்த பேரடை' போதும். மழை ஓய்ந்தது என்றால் புரியாதவர் உண்டா?

ஜார்ஜ்டவுன்:
'நீறுபூத்த பேரடை' எப்படி, அக்கா? சூரியனைப் போன்ற விண்மீன்கள் முதுமையில் மேலுறையை உதறிவிட்டு, வெள்ளைக் குறுமீன் என்னும் சிறு எச்சமாகும் முன் வெறும் கருவோடு நிற்கின்றன. அதன் சூடு 1,00,000 கெல்வினை எட்டும். அந்தப் புறஊதா ஒளியே வாயுவை அயனியாக்குகிறது. மேலே சாம்பல், உள்ளே கனல்.

பிரிக்பீல்ட்ஸ்:
அழகு! இதையே போட்டுவிடவா?

கெப்போங்:
பொறுங்கள். அழகுதான் ஆபத்து. இது விடையைப் பெயருக்குள் ஒளித்து வைக்கிறது. 1980-இல் வானியலாளர் ஹெக்மன் இத்தகைய ஒளிக்கு 'லைனர்' (LINER) என்று பெயர் சூட்டியபோது, ஒளி நடுவத்திலிருந்து வருகிறது என்பதற்கு N (Nuclear) என்ற ஓர் எழுத்தை அதில் சேர்த்தார். பிறகு பல பேரடைகளில் அது உடல் முழுவதும் பரவிக் கிடப்பது தெரிந்தது. 2016-இல் அந்த எழுத்தைப் பிடுங்கிவிட்டு 'லையர்' (LIER) என்று திருத்த வேண்டியதாயிற்று. பரவிய ஒளிக்கு முதிய விண்மீன்களே காரணம் என்பது வலுவான கருத்து, நானும் ஏற்கிறேன். ஆனால் சிலவற்றில் நடுவிலுள்ள கருந்துளை உண்மையாகவே வாயுவை உண்டு ஒளியூட்டுகிறது. சிலவற்றில் அதிர்வலைகளுக்கும் பங்குண்டு. அவற்றையும் நீறுபூத்தவை என்பீர்களா? 'ஓய்ந்த' என்பது விண்மீன் பிறப்பு நின்றதை மட்டும் சொல்கிறது. காரணம் பத்திக்குள் இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுன்:
சரி, ஐயா. பத்திக்குள்ளாவது நீறுபூத்த நெருப்பு இருக்கட்டும்.

செந்தூல்:
அந்த வாயுவை 'வெதுவெதுப்பான' என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி! 10,000 கெல்வின் என்ன, தே தாரிக் தேநீரின் சூடா?

பிரிக்பீல்ட்ஸ்:
அதே பேரடையில் எக்ஸ் கதிர் வீசும் வாயு ஒரு கோடி கெல்வினைத் தொடும், அக்கா. அதன் பக்கத்தில் இது வெதுவெதுப்புதான். 'இளஞ்சூட்டு வாயு' என்று மாற்றுகிறேன். 'ஓய்ந்த' மூன்று, 'அவிந்த' ஒன்று. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பட்டர்வொர்த்:
அனுப்புங்கள். அவிதலும் அவித்தலும் ஒரே வேர் என்றேன், ஒருவரும் மறுக்கவில்லை. 'வாயு'வை 'வளிமம்' ஆக்காமல் விட்டதற்குத் தனியாக எழுதுகிறேன்.