கனடா குடும்ப ஸ்பான்சர்: மகனுக்கு 22 ஆக இன்னும் நாலு மாதம், எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது?

வடதிசை (கேள்வி)

வணக்கம். நான் கனடாவில் பிஆர் (நிரந்தர வதிவுரிமை பெற்றவர்). மனைவியை ஸ்பான்சர் பண்ணப் போகிறேன். அவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 21. மகனுக்கு நாலு மாதத்தில் 22 ஆகிவிடும். படிப்பு முடியாததால் இப்போது வரவில்லை என்கிறான்.

அவன் வராவிட்டால் விண்ணப்பத்தில் பெயர் போடாமல் விடலாமா? மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வளைகுடா நாட்டில் 14 மாதம் வேலை பார்த்தார். அங்கிருந்தும் போலீஸ் சர்டிபிகேட் தேவையா?

கோப்புக்கட்டு

மகன் பெயரை விட்டுவிடவே கூடாது. கூட வந்தாலும் வராவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளையும் காட்ட வேண்டும். வராத பிள்ளையும் மெடிக்கல் செய்ய வேண்டும். காட்டாமல் விட்ட, பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பிற்பாடு குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது குடிவரவு விதி 117(9)(d). விதிவிலக்கு கேட்டுப் போராடுவது தனி அவஸ்தை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 22 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத, யாருடனும் துணையாகச் சேர்ந்து வாழாத பிள்ளைதான் சார்ந்திருப்பவர். முழுமையான விண்ணப்பம் ஐஆர்சிசி (கனடாவின் குடிவரவுத் துறை) கைக்குப் போன நாளில் என்ன வயதோ அதுதான் கடைசிவரை கணக்கு. எனவே 'வரவில்லை' என்று இப்போது குறித்துவிட்டு அடுத்த வருடம் தனியாகக் கூப்பிடலாம் என்று நினைத்தால், அப்போது வயது தாண்டியிருக்கும். 'வருகிறார்' என்றே போடுங்கள். விசா வந்ததும், அது காலாவதியாகும் முன், அம்மாவோடோ அம்மாவுக்குப் பிறகோ ஒருமுறை வந்து இறங்கி பிஆர் ஆகிவிட்டு, திரும்பிப் போய்ப் படிப்பை முடிக்கலாம். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். நடுவில் கல்யாணம் மட்டும் ஆகக்கூடாது. வயதுதான் உறைந்து நிற்கும், மணநிலை நிற்காது.

'முழுமையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்தோ ஒரு படிவமோ இல்லையென்று கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் முதல் தேதி செல்லாது, மறுபடி அனுப்பும் தேதிதான். நாலு மாதம் கையில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள், இரண்டு மாதத்தில் அனுப்பப் பாருங்கள். ஒருமுறை திரும்பி வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும்.

போலீஸ் சர்டிபிகேட்: கடந்த 10 வருடத்தில் தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும், 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும். 14 மாத வளைகுடா வேலை இதில் வருகிறது. அந்த நாட்டை விட்டு வந்த பிறகு கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கிளம்பும் முன் வாங்கி வைத்த பழையது ஆகாது. இப்போது வசிக்கும் நாட்டினுடையது, விண்ணப்பிக்கும் நாளுக்கு 6 மாதத்துக்கு உட்பட்டது. மகனுக்கும் இதுவே. இன்றைக்கே தொடங்க வேண்டியது அந்த வளைகுடாச் சான்றிதழ்தான். மற்றதெல்லாம் உங்கள் கையில், அது இன்னொரு அரசாங்கத்தின் கையில்.

இனிஷியல்

பெயர் விஷயம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லையென்றால், ஐஎம்எம் 0008 என்ற பிஆர் விண்ணப்பப் படிவத்தில், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் முழுவதையும் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, இட்ட பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அவர்கள் கேட்பது அப்படித்தான். அப்பா பெயரைப் பிடித்துக் குடும்பப்பெயராக நீங்களாகப் போட்டுவிட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.

எடுத்துக்காட்டாக, பாஸ்போர்ட்டில் 'செல்வராணி', பிறப்புச் சான்றிதழில் 'மு. செல்வராணி', விவாகரத்துத் தீர்ப்பில் முன்னாள் கணவர் பெயரோடு 'செல்வராணி குமார்' என்று வைத்துக்கொள்வோம். பின்னிரண்டையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் சேர்க்க வேண்டும். மூன்றும் ஒருவரே என்று அரைப் பக்க விளக்கக் கடிதம் வைத்தால் அதிகாரி யூகிக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது முத்திரைகளில். உரையை மட்டும் பெயர்த்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் தமிழ் முத்திரையையும் கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவிப் பெயரையும் விட்டுவிடுவார்கள். அவையும் வர வேண்டும். படிக்க முடியாத முத்திரையென்றால் 'முத்திரை, தெளிவில்லை' என்றாவது இருக்கட்டும். மூலத்தில் 'மு.' என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் இனிஷியல்தான், விரித்து எழுதக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் பெற்றவர் இல்லையென்றால் நோட்டரி போன்ற ஒருவர் முன்னால் அவர் அஃபிடவிட் கொடுக்க வேண்டும். மூலத்தின் சான்றளிக்கப்பட்ட நகலையும் சேர்த்து வையுங்கள்.

வடதிசை

நன்றி. மனைவியின் சித்தப்பா மகள் ஆங்கில ஆசிரியை. அவர் மொழிபெயர்க்கலாமா? மகளின் அப்பா தரப்பில் ஏதாவது வாங்க வேண்டுமா?

இனிஷியல்

கூடாது. நெருங்கிய சொந்தம் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, அந்தப் பட்டியலில் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை பிள்ளைகளும் அடக்கம். எவ்வளவு நன்றாகப் பெயர்த்திருந்தாலும் பயனில்லை.

கோப்புக்கட்டு

மகள் 18-க்குக் கீழே என்பதால் கூட வராத அப்பா ஐஎம்எம் 5604 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அவருடைய அடையாள அட்டை நகலோடு. பிள்ளையின் முழுப் பொறுப்பும் அம்மாவுக்கே என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை வைக்கலாம். 'குழந்தை தாயிடம் வளரும்' என்று மட்டும் இருக்கும் தீர்ப்பை நம்பாதீர்கள். தந்தைக்குப் பார்க்கும் உரிமை இருந்தால் சம்மதம் கேட்பார்கள்.

மாதக்கணக்கு

ஒருவரும் ஐஎம்எம் 5669 (பின்னணி விவரப் படிவம்) பற்றிச் சொல்லவில்லையே. காலி மாதம் அதிகம் விழுவது அதில்தான். கடந்த 10 வருடம், அல்லது 18 வயதிலிருந்து, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் எழுத வேண்டும். வேலை 2019-03-ல் முடிந்து அடுத்தது 2019-07-ல் தொடங்கினால், நடுவில் உள்ள மாதங்களுக்கு 'வேலையில்லை' என்றோ 'வீட்டில் இருந்தேன்' என்றோ தனி வரி. முகவரிப் பட்டியலும் இதே போல, தபால் பெட்டி எண் ஆகாது. மகனும் 18 தாண்டியதால் அவனுக்கும் தனி 5669, தனி 5406 (குடும்ப விவரப் படிவம்). 5406-ல் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், இறந்தவர்களும், அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டுமே பொதுவாக உள்ளவர்களும்.

படிவத்தைத் திறக்கும் முன் ஒரு நீளத் தாளில் மாதவாரியாக நாலு பத்தி போடுங்கள்: எங்கே இருந்தார், என்ன செய்தார், எந்தப் பயணம், எந்த ஆவணம். 5669, 5532 (உங்கள் உறவு பற்றிய கேள்விப் படிவம்), பாஸ்போர்ட் முத்திரைகள் எல்லாம் அந்த ஒரே தாளிலிருந்து வரட்டும். 5532-ல் 'முதலில் நேரில் சந்தித்த தேதி' ஒன்றாகவும், பயணப் பட்டியல் வேறாகவும் இருந்தால் அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

உறவுக்கான சாட்சியத்தில் குவிக்காதீர்கள். புகைப்படம் 20 வரை, உரையாடல் 10 பக்கம் வரை என்றுதான் சரிபார்ப்புப் பட்டியல் சொல்கிறது. ஒரே கல்யாணத்தில் எடுத்த 20 படத்தைவிட, வெவ்வேறு மாதத்தில், இரு வீட்டாரோடும் பிள்ளைகளோடும் எடுத்த 12 படம் மேல். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார்.

உங்கள் பங்கு: 1344 (ஸ்பான்சர் செய்வதற்கான படிவம்), சிஆர்ஏ என்ற கனடா வருமான வரித்துறையின் மதிப்பீட்டு அறிவிப்பு, பிஆர் அட்டை நகல். மனைவிக்கான பொறுப்பேற்பு (அவர் செலவை நீங்கள் பார்த்துக்கொள்வதாகத் தரும் உறுதி) 3 வருடம்; பிஆர் ஆகும் நாளில் 22-க்குக் குறைந்த பிள்ளைக்கு 10 வருடம் அல்லது 25 வயது, எது முந்துகிறதோ அது; அன்று 22 ஆகியிருந்தால் 3 வருடம். அனுப்பும் முன்னிரவு 1344-ஐத் திறந்து, உங்கள் கையெழுத்தும் மனைவியின் கையெழுத்தும் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இப்படியான சின்னதற்குத்தான்.