நம்ம கரையில் துருவ நட்சத்திரம் தெரியுமா?

மண்டபம் வடகரை:
எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வடகடல். ஒன்பதாவது படிக்கிற மகள் துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லி நச்சரிக்கிறாள். வானத்திலேயே பளிச்சென்று இருப்பது அதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உச்சிவரை தேடியும் அப்படி ஒன்றைக் காணோம். கைபேசிச் செயலியோ கடலுக்குப் பக்கத்தில் காட்டுகிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பாம்பன்காரன்:
தெரியும் அக்கா, செயலி சொல்வது சரி. எந்த ஊரிலும் அது நிற்கும் உயரம் அந்த ஊரின் அட்சரேகைதான். நமக்கு 9 பாகைக்குக் கொஞ்சம் மேல். கையை நீட்டி முஷ்டியைக் கடல் விளிம்பில் வைத்தால், ஏறக்குறைய முஷ்டியின் மேல்பக்கம் இருக்கும். சென்னையில் 13 பாகை, டில்லியில் 28க்கு மேல்.

சித்திரையில் ராத்திரி ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பை போல நிற்கும், காம்பு வலப்பக்கம். இடது ஓரத்து இரண்டு நட்சத்திரங்களையும் கோடாக இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு கீழே இறங்குங்கள். தனியாக ஒன்று நிற்கும், அதுதான். வலப்பக்கம் சற்று மேலே அதே வெளிச்சத்தில் இன்னொன்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

பளிச்சென்று தேடவே தேடாதீர்கள். அது இரண்டாம் தர வெளிச்சம்தான், அதிலும் நம்ம பக்கம் கடல் மூட்டம் பாதியைத் தின்றுவிடும். அதன் பெருமை வெளிச்சத்தில் இல்லை, இடம் மாறாததில்தான். தென்கடலில் வலையை இழுத்துவிட்டுத் திரும்பும்போது அப்பா அதை அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்முனைக்கு, நேரே வைத்துத்தான் வள்ளத்தை விடுவார். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, ஆனால் பேட்டரி போனால் என்ன செய்வது? பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டிக் கொடுக்க வேண்டும்.

தொண்டி வாசி:
துல்லியமாகச் சொன்னால் அதுவும் நகரும், துருவப் புள்ளியிலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவான வட்டத்தில். பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அதனால் 5,000 ஆண்டுக்கு முன்பு துபான் என்ற வேறொரு நட்சத்திரம்தான் வடக்கைக் காட்டியது.

மண்டபம் வடகரை:
நன்றி தம்பி. ஐப்பசி, கார்த்திகையில் சப்தரிஷி இருக்காதே, அப்போது?

பாம்பன்காரன்:
முன்னிரவில் இருக்காது. அந்த மாதங்களில் வடக்கே ஐந்து நட்சத்திரம் 'எம்' எழுத்து மாதிரி நிற்கும், அதற்கு நேர் கீழே பாருங்கள். மழை மேகம் விலகுகிற ராத்திரியாகப் பார்த்துப் போங்கள் அக்கா.