ஹப்பில் கொலிஷன் (மோதல்) விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, பிங் மட்டும் ஓரளவு நன்றாக இருக்கிறது

ஆய்வகம்14:

வணக்கம். ஒரு கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 14 கணினிகள், ஒரு லினக்ஸ் சர்வர். முன்வரிசையில் 16 போர்ட் ஹப் (கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி), பின்வரிசையில் 8 போர்ட் ஹப், இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். இரண்டுமே 100 எம்பிபிஎஸ், இரண்டுமே பழசு. ஆனாலும் இத்தனை வருடம் ஒரு குறையும் வைத்ததில்லை.

இரண்டு வாரமாகத்தான் இந்தப் பாடு. மாணவர்கள் உட்கார்ந்து பாடக் கோப்புகளைத் திறக்க ஆரம்பித்ததும் எல்லாம் தவழ்கிறது. 180 எம்பி கோப்பு ஒன்று வந்து சேர நேற்று ஒன்பது நிமிடம் ஆனது. சிலருக்குப் பாதியில் அறுந்தும் போகிறது. காலையில் என் கணினியையும் சர்வரையும் மட்டும் போட்டுப் பார்த்தால் பறக்கிறது.

ஹப்பை அணைத்துப் போட்டேன். நடுவில் இருக்கும் கேபிளை மாற்றினேன். அலமாரியில் இருந்த இன்னொரு 16 போர்ட் ஹப்பையும் வைத்துப் பார்த்தேன், அதே கதை. வகுப்பு நேரத்தில் கொலிஷன் விளக்கு மினுக்குவதில்லை, ஆரஞ்சு நிறத்தில் அப்படியே நின்று எரிகிறது. ஆனால் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் பதில் வருகிறது, நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் தொலைகிறது. எங்கே தேடுவது?

பழையமோடம்:

ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு சுவிட்ச் (ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி தரும் பெட்டி) வாங்குங்கள். 14 பேர் ஒரே 100 எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போட்டால் இப்படித்தான் ஆகும்.

கிரிம்பர்:

சுவிட்ச் வாங்குவது நல்லதுதான், என்றைக்காவது வாங்கத்தான் வேண்டும். ஆனால் இதே 14 பேர், இதே ஹப்பில் இரண்டு வாரம் முன்புவரை நன்றாக வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஹப்பை மாற்றியும் போகவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சுவிட்ச் வைத்தால் கோளாறு சுவிட்சுக்குள்ளும் கூடவே வரும்.

ஆய்வகம்14, முதலில் பிங்கைப் பற்றி. நூற்றுக்கு இரண்டு மூன்று என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரே அறைக்குள் ஓடும் கம்பியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பிங் சின்னப் பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு. ஒன்று போகும், பதில் வரும், அப்புறம்தான் அடுத்தது. கம்பியில் கொஞ்ச நேரமே இருப்பதால் இடிபட வாய்ப்பு குறைவு. கோப்பு நகல் எடுக்கும்போது பெரிய பாக்கெட்டுகள் ஒரு பக்கம், அவற்றுக்கான ஒப்புதல்கள் மறுபக்கம் என்று ஓயாமல் ஓடும். நோய் அங்கேதான் வெளியே வரும். சோதனையை எப்போதும் கோப்பு நகலை வைத்தே செய்யுங்கள்.

ஹப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசிவிட்டால் மோதல். இருவரும் விலகிக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். இது இயல்பு, இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒழுங்கான நெட்வொர்க்கில் இந்த மோதல் ஃபிரேமின் (பாக்கெட் கம்பியில் போகும் வடிவம்) முதல் 64 பைட்டுக்குள் நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தால் அது லேட் கொலிஷன். அது நடக்கவே கூடாது. நடந்தால் லேன் கார்டு பொதுவாக மறுபடி அனுப்பாது, பாக்கெட் போனது போனதுதான். மேலே டிசிபி (தரவு முழுசாகச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) காத்திருந்து கவனித்து மறுபடி அனுப்ப வேண்டும். உங்கள் ஒன்பது நிமிடம் பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான்.

சர்வர் லினக்ஸ் என்பதால் எத்டூல் கட்டளையில் புள்ளிவிவரம் கேட்டுப் பாருங்கள். பல கார்டுகள் லேட் கொலிஷனைத் தனியாக எண்ணிக் காட்டும். வகுப்புக்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை ஏறினால் பாதி பாதியாகப் பிடுங்குங்கள். பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருக்கட்டும். பின்வரிசை ஹப்பை முழுசாகக் கழற்றுங்கள். விளக்கு அடங்கினால் ஆள் பின்னால் இருக்கிறார், இல்லையென்றால் முன்னால். அந்தப் பக்கத்தில் மறுபடி பாதி. எந்தக் கேபிளைப் பிடுங்கினால் விளக்கு அடங்குகிறதோ, அதன் மறுமுனையில் இருக்கும் கணினியில் லேன் கார்டு அமைப்பைத் திறந்து டூப்ளெக்ஸ் என்ன என்று பாருங்கள். ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும், ஃபுல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில். ஹப்பில் ஃபுல் டூப்ளெக்ஸ் என்ற பேச்சே கிடையாது.

நீலக்கேபிள்:

லேட் கொலிஷனுக்குக் கேபிள் நீளமும் காரணமாகலாம். 100 எம்பிபிஎஸ் ஹப்பின் உடம்பில் ஒரு வட்டத்துக்குள் ரோமன் எண் இருக்கும். ஒன்று என்றால் இன்னொரு ஹப்பைச் சேர்க்கவே கூடாது. இரண்டு என்றால் இரண்டு ஹப் வரை சேர்க்கலாம்; ஒரு முனைக் கணினியிலிருந்து மறுமுனைக் கணினிவரை மொத்தம் 205 மீட்டர். ஹப்புக்கும் ஹப்புக்கும் நடுவே 5 மீட்டர் என்பார்களே, அது இருபுறமும் முழு 100 மீட்டர் கேபிள் இருக்கும்போது மிஞ்சுவது.

ஆய்வகம்14:

இரண்டு ஹப்பிலும் ரோமன் இரண்டுதான். எங்கள் கேபிள்களில் மிக நீளமானதே 20 மீட்டர், அதனால் நீளம் இல்லை.

லேட் கொலிஷன் ஒரே வகுப்பில் 6,214 கூடியிருந்தது. பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது.

மாலை எல்லாரும் போன பிறகு கணினிகளை அணைக்காமல், நான்கைந்தில் நகல் ஓட்டிவிட்டு கிரிம்பர் சொன்னபடி பிடுங்கினேன். பின் ஹப் கழன்றதும் முன் ஹப்பின் ஆரஞ்சு விளக்கு சட்டென்று மினுக்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி செருகி, பின்வரிசையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். நான்காவது கேபிளின் கிளிப்பை அழுத்தி இழுத்த அதே நொடி விளக்கு அடங்கியது. செருகினால் எரிகிறது, எடுத்தால் அடங்குகிறது. நம்பிக்கை வராமல் ஐந்தாறு முறை செய்து பார்த்தேன்.

அது 11-ஆம் கணினி. இரண்டு வாரம் முன்பு பழுதுபார்க்கப் போய் வந்தது அது ஒன்றுதான்! டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டைத் திறந்தால் ஆட்டோ (கார்டு தானே தேர்ந்துகொள்வது) இல்லை, "100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் வைத்திருக்கிறார்கள். வேகம் கூடும் என்று நினைத்திருப்பார்கள் போல.

கிரிம்பர்:

அதேதான். ஃபுல் டூப்ளெக்ஸ் வைத்த கார்டு யார் பேசுகிறார்கள் என்று கேட்காது. தனக்குத் தோன்றும்போது அனுப்பும், மற்றவர்கள் பேச்சின் நடுவில் போய் விழும். மோதியது அதற்குத் தெரியவும் தெரியாது. ஒரு கணினி 13 பேரையும் கெடுத்தது இப்படித்தான்.

பழையமோடம் கவனத்துக்கு: இதை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவில் இருக்கும் சுவிட்சில் செருகியிருந்தால், சுவிட்ச் வேகத்தைச் சிக்னலை வைத்துக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற 13 பேர் தப்பித்திருப்பார்கள், 11 மட்டும் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவழ்ந்திருக்கும்.

பழையமோடம்:

அது சரி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. கிடைத்ததில் சந்தோஷம்.

ஆய்வகம்14:

ஆட்டோவுக்கு மாற்றிவிட்டேன். இன்று முழு வகுப்பு நடந்தது, லேட் கொலிஷன் எண் ஒன்றுகூட நகரவில்லை. வகுப்பு முடிந்ததும் 11-இலேயே அந்த 180 எம்பி கோப்பை இறக்கிப் பார்த்தேன், 25 நொடி. கொலிஷன் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது, அது இயல்பு என்று இப்போது தெரிகிறது.

பிங்கை நம்பி இரண்டு வாரம் ஹப்பையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி கிரிம்பர், நீலக்கேபிள். மீதி 13 கணினிகளின் லேன் கார்டையும் நாளை காலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுகிறேன்.