‘மாஸ்க்’ என்பதை ‘மறைப்பு’ ஆக்க வேண்டாம்: குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி (சாதனங்கள் ‘என்னைக் கவனி’ என்று எழுப்பும் குறுக்கீடுகளை வாங்கி சிபியுவிடம் சேர்க்கும் சில்லு) இயக்கிகளின், அதாவது டிரைவர்களின், நிரலைச் சீராய்வு செய்வோருக்கான கையேட்டின் சொற்பட்டியல் வரைவைப் படித்தேன். இன்டரப்டுக்குக் ‘குறுக்கீடு’, ஹேண்ட்லருக்குக் ‘கையாளி’, ரெஜிஸ்டருக்குப் ‘பதிவகம்’, பெண்டிங்குக்கு ‘நிலுவை’ என்பவை நன்றாகப் பழகிவிட்டன. அவற்றை மறுபடி கிளற வேண்டாம். எனக்கு மறுப்பு உள்ள இடங்கள் சிலதான், ஆனால் அவை எல்லாமே இயக்கிகளில் வழுக்கள் பிறக்கும் இடங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> மாஸ்க் = மறைப்பு. அகராதிப் பொருளும் அதுதான். பிட் மாஸ்க்குக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாம்.

ஒரு தடத்தை (சாதனத்திலிருந்து கட்டுப்படுத்திக்கு வரும் குறுக்கீட்டு இணைப்பை) மாஸ்க் செய்யும்போது எதுவும் மறைவதில்லை. சாதனம் தடத்தை உயர்த்துகிறது, கட்டுப்படுத்தி அதைப் பார்க்கிறது, நிலுவைப் பதிவகத்தில் அதற்கான பிட் 1 ஆகிறது. நாமும் அதைப் படித்துப் பார்க்கலாம். சிபியுவிடம் மட்டும் அது போய்ச் சேராது. பழைய பிசிக்களின் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியான 8259ஏ சில்லிலேயே இப்படித்தான்: கோரிக்கைப் பதிவகத்தை மாஸ்க் பதிவகம் தொடுவதே இல்லை. மடையை அடைத்தால் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை, அந்தப் பக்கம் தேங்கி நிற்கிறது, திறந்ததும் பாய்கிறது. ஆகவே மாஸ்க்குக்கு ‘அடைப்பு’, அன்மாஸ்க்குக்குத் ‘திறப்பு’ என்று முன்மொழிகிறேன். வினையாக்குவதும் எளிது: தடத்தை அடை, தடத்தைத் திற, தடம் அடைபட்டிருக்கிறது.

பிட் மாஸ்க்குக்கும் (ஓர் எண்ணில் வேண்டிய பிட்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் எண்) இதே சொல் வேண்டும் என்ற வாதம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 8259ஏ-வின் மாஸ்க் பதிவகத்தில் 1 எழுதினால் தடம் அடைபடும். ஆர்ம் சிபியுக்களின் கட்டுப்படுத்தியான ஜிஐசியில் அப்படி இல்லை. அங்கே இயலுமை (எனேபிள்) பதிவகங்கள் இரண்டு வகை. ஒன்றில் 1 எழுதினால் தடம் திறக்கும், இன்னொன்றில் 1 எழுதினால் அடைபடும். எதிலும் 0 எழுதினால் ஒன்றும் நடக்காது. இது தெரியாமல் ஒருவர் திறக்கும் பதிவகத்தைப் படித்து, ஒரு பிட்டை 0 ஆக்கித் திரும்ப எழுதினால் தடம் திறந்தபடியேதான் இருக்கும். ‘மறைப்பு பிட்டை நீக்குக’ என்று சீராய்வில் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? தடத்தைத் திறப்பாரா, பிட்டை 0 ஆக்குவாரா? சில்லுக்குச் சில்லு இரண்டும் வேறு. சொல் பிட்டின் மதிப்பைச் சொல்லக்கூடாது, தடத்துக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பிட் மாஸ்க்கை அப்படியே ‘பிட் மாஸ்க்’ என்று விட்டுவிடலாம், அதனால் ஒரு குறையும் இல்லை.

> அப்படியானால் டிஸேபிளுக்கும் அடைப்பு போதுமே? இரண்டும் ஒன்றுதானே?

லினக்ஸில் ஒன்று இல்லை. ஓர் இயக்கி தன் குறுக்கீட்டை டிஸேபிள் செய்யச் சொன்னால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பெரும்பாலும் சில்லைத் தொடவே தொடாது. ‘இது முடக்கப்பட்டது’ என்று தன் கணக்கில் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். அதன்பின் உண்மையிலேயே குறுக்கீடு வந்தால்தான் தடத்தை அடைத்து, நிலுவை என்று குறித்து வைக்கும். மறுபடி இயலச் செய்யும்போது, விளிம்புவகைக் குறுக்கீடாக (தடம் மாறும் கணத்தை மட்டும் கணக்கில் கொள்வது) இருந்தால் அதை மீண்டும் எழுப்பிவிடும். மட்டவகைக்கு (தடம் உயர்ந்திருக்கும் வரை நீடிப்பது) அது தேவையில்லை, தடம் இன்னும் உயர்ந்தேதான் இருக்கும். ஆக, முடக்கம் கர்னலின் கணக்கில் நடப்பது, அடைப்பு சில்லில் நடப்பது. ‘முடக்கிய பின்னும் சில்லில் தடம் திறந்திருக்கிறதே, இது வழுவா?’ என்று புதியவர்கள் கேட்கும் கேள்விக்கு இந்த இரண்டு சொற்களே பாதி விடை.

(மேலே லெவலுக்கு ‘மட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். வரைவில் ‘நிலை’ என்று இருக்கிறது. ஸ்டேட்டுக்கும் நிலை, லெவலுக்கும் நிலை என்றால் ‘நிலைவகைக் குறுக்கீட்டின் நிலை’ என்று எழுத வேண்டி வரும். மட்டம் போதும். எட்ஜுக்கு விளிம்பு, ஏறுவிளிம்பு, இறங்குவிளிம்பு.)

அடுத்தது அக்னாலெட்ஜும் (குறுக்கீடு கிடைத்தது என்று கட்டுப்படுத்தியிடம் சொல்வது) எண்ட் ஆஃப் இன்டரப்டும் (கையாண்டு முடித்தாயிற்று என்று சொல்வது). வரைவில் ‘ஏற்பு’, ‘முடிவு’. ஏற்பு என்றால் மறுப்பும் உண்டு என்று தோன்றும், ஆனால் இங்கே மறுக்க இடமே இல்லை. ‘வந்தது, பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்வது மட்டுமே. அதற்கு நம்மிடம் ‘ஒப்புகை’ என்ற சொல் இருக்கிறது, ஒப்புகைச் சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவு என்பது தீர்மானத்தையும் விளைவையும் குறிக்கும். ‘முடிப்பு’ என்று வைத்தால் அது ஒரு செயல் என்பது தெளிவாகத் தெரியும்.

வரிசை எங்கே முக்கியம் என்று பாருங்கள். விளிம்புவகையில் முதலில் ஒப்புகை, அப்புறம்தான் கையாளி. கையாளி ஓடி முடித்த பிறகு ஒப்புகை கொடுத்தால், இடையில் வந்த இன்னொரு விளிம்பும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். அந்தச் சாதனம் இனி வாயே திறக்காமல் போகலாம். மட்டவகையில் தடத்தை அடைத்து ஒப்புகை கொடுத்து, கையாளி சாதனத்தை அமைதிப்படுத்திய பிறகு திறக்க வேண்டும். சாதனத்தை அமைதிப்படுத்தாமல் திறந்தால் அடுத்த கணமே அதே குறுக்கீடு திரும்ப வரும், சிபியு வேறு எதையும் செய்ய முடியாது.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் தேவைப்படும் எடுத்துக்காட்டு, ரிஸ்க்-ஃபைவ் சிபியுக்களின் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியான பிஎல்ஐசி. அதில் ஒரு பதிவகத்தைப் படித்தால் குறுக்கீட்டின் எண் கிடைக்கும், அதுவே ஒப்புகை. 0 வந்தால் எதுவும் இல்லை என்று பொருள். கையாண்ட பின் அதே பதிவகத்தில் அந்த எண்ணை எழுதினால் முடிப்பு. முடிப்பு வரும் வரை அந்த மூலத்திலிருந்து அடுத்த குறுக்கீடு உள்ளே வராது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் முடிப்பை எழுதும் நேரத்தில் அந்தத் தடம் அடைபட்டிருந்தால், பிஎல்ஐசி அந்த முடிப்பைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். விவரக்குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. திரெட்டில் (உடனே ஓடாமல், தனி இழையாகப் பிறகு) ஓடும் கையாளி முடியும் வரை தடத்தை அடைத்து வைக்கும் வழக்கம் கர்னலில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் அந்தத் தடம் அதோடு செத்துப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. லினக்ஸ் இயக்கி இப்போது தடம் அடைபட்டிருந்தால் அதை ஒரு கணம் திறந்து, முடிப்பை எழுதி, மறுபடி அடைக்கிறது. முந்தைய வரைவின் சொற்களில் இதை எழுதிப் பாருங்கள்: ‘மறைப்பில் உள்ளபோது முடிவு ஏற்கப்படாது’. எந்த முடிவு, யார் ஏற்பது? என் சொற்களில்: ‘தடம் அடைபட்டிருக்கும்போது எழுதிய முடிப்பை பிஎல்ஐசி புறக்கணிக்கும்.’

முடிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிஐசியில் ஒரு முறைமையில் முடிப்பு இரண்டாகப் பிரியும்: முதலில் எழுதுவது, சிபியு அப்போது ஓடிக்கொண்டிருக்கும் முன்னுரிமையை மட்டும் இறக்கும், குறுக்கீட்டைச் செயல்நிலையிலிருந்து (ஆக்டிவ்) விடுவிக்க வேறொரு பதிவகத்தில் எழுத வேண்டும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும்போது இது தேவைப்படுகிறது. ‘முன்னுரிமை இறக்கம்’, ‘விடுவிப்பு’ என்று தனித்தனியே வைத்து, இரண்டும் ஒன்றாக நடக்கும் இடத்தில் மட்டும் ‘முடிப்பு’ என்று எழுதலாம்.

> ஸ்பூரியஸ் = போலிக் குறுக்கீடு. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன்.

பாதி ஒப்புகிறேன். தடம் உயர்ந்து, சிபியு கேட்பதற்குள் இறங்கிவிட்டால் 8259ஏ என்ன சொல்வதென்று தெரியாமல் 7 என்ற எண்ணைக் கொடுக்கும். சேவைப் பதிவகத்தில் (இப்போது கையாளப்படும் குறுக்கீடுகளைக் காட்டுவது) அதற்கான பிட் 1 ஆகியிருக்காது. அந்தச் சில்லுக்கு முடிப்பும் எழுதக்கூடாது. ஜிஐசி இதே சூழலில் 1023 கொடுக்கும். இவை போலிகள், சரி. ஆனால் லினக்ஸ் வேறொன்றையும் அதே ஆங்கிலப் பெயரால் அழைக்கிறது: குறுக்கீடு உண்மையாகவே வருகிறது, தடத்தைப் பகிரும் கையாளிகள் எல்லாம் ‘என்னுடையது இல்லை’ என்கின்றன. 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் இப்படிப் போனால், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு கர்னல் அந்தத் தடத்தையே முடக்கிவிடும். இதைப் போலி என்றால் சீராய்வாளர் தவறான இடத்தில் தேடுவார். முதலாவதில் மின்தடத்தையும் ஒப்புகை வரிசையையும் பார்க்க வேண்டும், இரண்டாவதில் சாதனத்தை அமைதிப்படுத்தாத கையாளியையோ, விளிம்பு-மட்டம் மாறிப்போன அமைப்பையோ பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் ‘கேட்பாரற்ற குறுக்கீடு’ என்று வைக்கலாமா?

அஃபினிட்டி, அதாவது எந்த சிபியுவுக்கு அனுப்புவது என்பது, ‘சிபியு ஒதுக்கீடு’ என்றாலே புரியும். ‘ஈர்ப்பு’ தேவையில்லை. ஸ்பின்லாக்கை (திறக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) இப்போதைக்கு ஸ்பின்லாக் என்றே விடுவோம், அது இந்தக் கையேட்டுக்கு மட்டும் உரிய சொல் இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லோடு நிறுத்தாமல், அந்தச் சொல்லை வைத்து ஒரு சீராய்வுக் குறிப்பையும் எழுதி அனுப்புங்கள். குறிப்பாக ‘அடைப்பு’ பற்றி. மெமரி பேரியருக்கு (நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் கட்டளை) ‘தடுப்பு’ என்று ஏற்கெனவே இருப்பதால் அதை நான் எடுக்கவில்லை. அதைவிடப் பொருத்தமானது கிடைத்தால் மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்ளலாம்.