மாங்குளம் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இணையத்தில் தமிழில் படிக்க நல்ல இடங்கள் தேவை.

முக்கியமாகக் கேட்பது தமிழி, அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்து பற்றி. மாங்குளம் மலைக் குகையில், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) செய்து கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, நம்ம ஊர் மலையிலேயே! அதைப் பிள்ளைகள் தாங்களே எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் தெளிவான படம், கீழேயே ஒவ்வொரு எழுத்துக்கும் இன்றைய எழுத்து, இப்படி எங்காவது போட்டிருக்கிறார்களா? நான் பார்த்த படங்களில் பாறை வெடிப்பு எது, எழுத்து எது என்றே தெரியவில்லை.

மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்க நூல்கள் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய நூல்களும் ஏராளம். ஆனால் அவை பெரியவர்களுக்கானவை. கீழடி பற்றி வரும் வீடியோக்களில் பாதி வெறும் பெருமைப் பேச்சு. அகழாய்வில் எந்த மண் அடுக்கில் என்ன கிடைத்தது, காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்று பொறுமையாக விளக்குவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பாண்டியர் காலத் தமிழ் வரைபடமும் வேண்டும்.

பிள்ளைகளிடம் இருப்பது அப்பா அம்மாவின் போன்தான். அதில் சட்டென்று திறக்கிற மாதிரி இருந்தால் ரொம்ப உதவி. தொல்லியல் படித்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் அவசியம் பதில் போடுங்கள்.